காண்டோரில் யாரும் கத்துவதில்லை

மென்மை என்பது அளந்து பார்க்க வேண்டிய விஷயம் என்பதில் சான் எவாரிஸ்தோ நகரத்தில் இரண்டு கருத்து இருந்ததில்லை. எதை வைத்து அளப்பது என்பதில்தான் சற்றுக் குழப்பம் இருந்தது. அதையும் நிர்வாகம் தீர்த்துவைத்தது.

தீர்த்த விதம் இது. காப்பி மலைச் சரிவில், ஊரை ஒட்டி இருக்கும் 'லா கோலீனா' கேளிக்கைப் பூங்காவின் இரைச்சல் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள். நிர்வாகம் சத்தம் அளக்கும் கருவி ஒன்றைத் தருவித்தது. கருவி வந்து சேர்வதற்குள் புகார் கொடுத்தவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். கருவி உறை பிரிக்காமல் கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் தலைநகரத்தில் 'எவரும் விடுபடாத மகிழ்ச்சி' என்றொரு புது மோஸ்தர் கிளம்பி, மெல்ல மலையேறி வந்தது. உடல் நலம் குன்றியவர்களும் களிப்புறும் வண்ணம் ஒவ்வொரு பூங்காவும் தன் ராட்டினங்களை மென்மையானவை, கடுமையானவை என்று தரம் பிரிக்க வேண்டும். மென்மையை அளக்கும் கருவி யாரிடமும் இல்லை. சத்தத்தை அளக்கும் கருவி கைவசம் இருந்தது. கஷ்டப்படுகிறவன் கத்துவான், கத்தாதவன் சுகமாக இருக்கிறான் என்பது உலகத்து அலுவலகங்கள் எல்லாம் ஏகமனதாக ஒப்புக்கொண்ட உண்மையாதலால், வேலை ஒரே நாளில் முடிந்தது.

நூபியா ஒஸ்பீனாவுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது தன் முதுகு மட்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால், மந்திரி வந்து திறந்துவைத்த புதுப் பளிங்குப் படிக்கட்டில், திறந்த மறுநாளே வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கியது. திருகாணி போட்டு முடுக்கி அனுப்பினார்கள். அன்று முதல் சட்டைக்குள்ளே இரும்புப் பட்டை வைத்த இடுப்பு பெல்ட். குலுங்கக் கூடாது, குனியக் கூடாது, பொத்தென்று இறங்கக் கூடாது. மெதுவாகப் போகிற எதிலும் சாய்ந்து உட்காரலாம். ஆஸ்பத்திரியில் சொன்னது அவ்வளவுதான்.

அவள் மகள் யெசேனியாவுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் வந்தது. அந்த ஊரில் பெண்ணுக்குப் பதினைந்து என்றால் சும்மா இல்லை. மண்டபம் பிடித்து, மூன்று நாற்காலியை மறைக்கிற அகலத்துக்குக் கவுன் தைத்து, அப்பனோடு நடனம் ஆடவைத்து, ஊரைக் கூட்டிச் சோறு போட வேண்டும். இந்தப் பெண் அதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டது.

"ஒரே ஒரு ராட்டினத்துல நீ என் பக்கத்துல உக்காரணும்மா. பையைப் பிடிச்சுக்கிட்டு வெளியில நிக்கக் கூடாது."

இரண்டு வருடமாகப் பை பிடிக்கும் பதவியில் இருந்தவள் நூபியா. சரி என்றாள். பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, தன் நிலைமைக்கு எது ஏற்றது என்று கேட்டுவைத்துக்கொள்ள, கணவனின் தங்கை மார்லெனியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பூங்கா அலுவலகத்துக்குப் போனாள்.

கழுத்தில் டை, எதிரில் மேஜை, இந்த இரண்டும் உள்ள எவரும் அந்த நாட்டில் டாக்டர்தான். அந்த முறையில் டாக்டர் ஃபாபியோ நெல்சன், பூங்காவின் 'அனைவர் மகிழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்'. அவர் நூபியாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். திட்டம் தொடங்கிய நாளிலிருந்து உண்மையான முதுகு ஒன்று உள்ளே வருவது இதுவே முதல் தடவை. கறுப்புக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். குஷன் நாற்காலி போடச் சொன்னார். அதில் குஷன் இல்லை என்பது வேறு விஷயம்.

நூபியா சுற்றி வளைக்கவில்லை. "வேலியோரமா ஒரு குட்டி ரயில் போகுதே டாக்டர், காப்பிச் செடிக்கு நடுவுல. மெத்தை போட்ட பெஞ்சு. எனக்கு அது போதும்."

டாக்டரின் முகம் வாடியது. "ரயிலா? கடுமையிலேயே முதல் தரம் மேடம் அது. திருப்பத்துக்குத் திருப்பம் விசில் அடிக்குது."

"நான் நடக்கிறதைவிட மெதுவாப் போகுதே."

"வேகம் எங்க கணக்குல வராது."

குடை ராட்டினம் ஆகுமா என்று கேட்டாள். மூன்று வயதுக் குழந்தைகள் அதில் அலறிய அலறலில் கருவியின் முள் திரும்பி வரவே இல்லை என்றும், மனசாட்சி உள்ள எந்த அதிகாரியும் ஒரு நோயாளியை அதில் ஏற்றமாட்டான் என்றும் அவர் வருத்தத்தோடு தெரிவித்தார். வாத்துப் படகு? வாத்தே கத்துகிறது.

"கவலைப்படாதீங்க மேடம். உங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு" என்று ஜன்னல் பக்கம் கையை நீட்டினார்.

ஜன்னலுக்கு வெளியே காண்டோர் நின்றது. மாதா கோயில் கோபுரத்தைப் போல இரண்டு மடங்கு உயரமான இரும்புத் தூண். நாற்காலியில் கட்டி உச்சிக்குக் கொண்டுபோய், கொஞ்ச நேரம் மலைகளைப் பார்க்கவிட்டு, அப்புறம் கைவிட்டுவிடுவார்கள்.

மார்லெனி காப்பியைக் கீழே வைத்தாள். "மேலேருந்து விழுறவங்க கத்த மாட்டாங்களா டாக்டர்?"

"ஒரு முனகல்கூடக் கிடையாதும்மா. கருவி பூஜ்யம் காட்டிச்சு. நானே பார்த்தேன்."

"மூச்சு நின்னுபோனா எங்கேருந்து கத்துறது?"

"அந்த அமைதியைத்தான் நாங்க மென்மைன்னு சொல்றோம்" என்றார் டாக்டர் ஃபாபியோ நெல்சன். சொன்னது தனக்கே பிடித்துப்போய், மறுபடியும் ஒருமுறை மெதுவாகச் சொன்னார்.

மறுப்பதற்குள் நூபியாவின் மணிக்கட்டில் பச்சைப் பட்டை ஒன்றை மாட்டி அழுத்திவிட்டார்கள். வெட்டினால் ஒழியக் கழலாது. பச்சை கட்டியவர்களைக் கடுமையான எதிலும் ஏற்றக் கூடாது என்பது விதி. அவர்கள் காண்டோர் வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை, தனி வாசல் உண்டு என்பது சலுகை. விதி நூபியாவின் காதில் விழுந்தது. சலுகை மார்லெனியின் காதில் விழுந்தது. காண்டோரில் ஏறுவதற்கு ஊரே பாதி நாள் வெயிலில் நிற்கிறது என்பதை அவள் அறிவாள். நேரே அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனாள்.

பிறந்தநாள் வந்த ஞாயிற்றுக்கிழமை சான் எவாரிஸ்தோவில் நிமிர்ந்து நடந்தவர் எவருமில்லை.

பூங்கா வாசலில் ஊர் முழுக்க வளைந்து நின்றது. முதுகுக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுக்க மருந்துக்கடைக்காரர் கடை வாசலிலேயே மேஜை போட்டிருந்தார். வசதி உள்ளவர்கள் பெல்ட் வாங்கியிருந்தார்கள், இல்லாதவர்கள் படுக்கை விரிப்பைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். மார்லெனி தன் பெல்ட்டைச் சட்டைக்கு மேலே கட்டியிருந்தாள். கட்டியும் யாரும் பார்க்காவிட்டால் என்ன பிரயோசனம்? செருப்புக்குப் பொருத்தமாகச் சிவப்பில் வேறு வாங்கியிருந்தாள்.

நூபியாவும் யெசேனியாவும் அந்தக் கூட்டத்தைக் கடந்து ரயில் நிலையத்துக்குப் போனார்கள். ரயில் காலியாக நின்றது. ஓட்டுநர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். வாயிலில் இருந்த பெண் நூபியாவின் கையைப் பார்த்ததும் பதறிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"பச்சை கட்டிட்டு இங்க வரலாமா? உயிருக்கு ஆபத்துங்க."

கழற்ற வழி கேட்டாள் நூபியா. முதுகில் கோளாறு இல்லை என்று அலுவலகம் சொன்னால்தான் வெட்டுவார்களாம். யெசேனியா பெரிய மனுஷிபோல, பரவாயில்லை, அரேப்பா சோள ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாள். சொல்லிக்கொண்டே, பழக்க தோஷத்தில், தன் பையைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினாள்.

நூபியா அந்தப் பையை வாங்கவில்லை. திரும்பி அலுவலகத்தைப் பார்த்து நடந்தாள்.

அலுவலகத்தில் திடீரென்று பெருகிய முதுகுகளைக் கண்டு டாக்டர் ஃபாபியோ நெல்சன் சளைத்துவிடவில்லை. நாடு முழுவதற்கும் வழிகாட்டும் பரிசோதனை ஒன்றை அன்று காலையில் அவரே வகுத்திருந்தார். சத்தம் அளக்கும் கருவி மேஜை மேல் இருந்தது. வந்தவரைத் திருப்பி நிறுத்தி, முதுகில் ஓங்கி ஒரு தட்டு. கருவி முள் ஏறினால் நோயாளி, பச்சை. ஏறாவிட்டால் ஆரோக்கியம், சிவப்பு. நூபியாவுக்கு முன்னால் நின்ற ஊர் கால்பந்துக் குழுவின் கோல்காப்பாளர், டாக்டரின் கை கிளம்புவதற்கு முன்பே அலறி, இரட்டைப் பச்சை வாங்கிக்கொண்டு போனார்.

"நீங்க எதுக்கு மேடம் மறுபடியும்?"

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுங்க."

"அதைக் கருவிதான் சொல்லணும்."

யெசேனியாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "வேணாம்மா" என்று கையைப் பிடித்தாள். நூபியா அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். டாக்டர் கடமையுணர்ச்சியோடு தட்டினார்.

உள்ளே இருந்த திருகாணிகள் ஒவ்வொன்றும் எழுந்து நின்று தன் பெயரைச் சொன்னது. கண்ணுக்கு முன்னால் சுவர் வெள்ளையாகிக் கறுப்பாகி மறுபடி வெள்ளையானது. யெசேனியாவின் விரல்கள் நசுங்கின. இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. படிக்கட்டில் விழுந்த நாளிலிருந்து இன்றுவரை, நஷ்ட ஈடு கேட்டு ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்று நூபியாவுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

முள் பூஜ்யத்தில் நின்றது.

டாக்டர் ஃபாபியோ நெல்சனின் முகத்தில் அனுதாபம் போய்க் கசப்பு வந்தது. இப்படி இரண்டு வருடமாக ஊரை ஏமாற்றியது நியாயமா, நிஜமாகவே வலியுள்ள இத்தனை பேர் வெளியே வெயிலில் நிற்கும்போது அவர்கள் இடத்தைப் பிடிக்க மனசு எப்படி வந்தது என்று கேட்டார். பச்சையை வெட்டி, சிவப்பைக் கட்டினார். வெளியே வரும்போது வரிசையில் நின்ற மார்லெனி அண்ணியின் சிவப்புப் பட்டையைப் பார்த்து, பக்கத்தில் வந்து ரகசியமாகக் கேட்டாள்.

"அண்ணி, நமக்குள்ள இருக்கட்டும். நீங்களும் நடிச்சதுதானா?"

ரயில் வாயிலில் இருந்த பெண் இந்தமுறை தடுக்கவில்லை. இதயம் பலவீனமானவர்கள் ஏறக் கூடாது, இது கடுமையிலும் கடுமை என்று எச்சரிக்கை மட்டும் செய்தாள். அவளே ஏறியது கிடையாதாம், பயமாம். முழு ரயிலிலும் இரண்டே பேர். மெத்தை நிஜமாகவே மெத்தையாக இருந்தது. வண்டி ஊர்ந்தது. செடிகளில் காப்பிப் பழம் சிவந்து கிடந்தது. யெசேனியா தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு நினைவு வந்து நகர்ந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"நகராதே. கிட்ட வா."

முதல் திருப்பத்தில் ரயில் விசில் அடித்தது. நூபியா அதோடு சேர்ந்து, இரண்டு வருடத்துச் சத்தத்தையும் சேர்த்து, முழு வாயால் கத்தினாள். மகள் முதலில் மிரண்டு, அப்புறம் தானும் சேர்ந்து கத்தினாள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்துவிட்டு, வழக்கம்தானே என்பதுபோல மறுபடி விசில் அடித்தார்.

அங்கிருந்து காண்டோர் நன்றாகத் தெரிந்தது. பச்சைப் பட்டைக்காரர்கள் நாற்காலிகளில் வளைந்தபடி ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். பத்திரிகையில் படம் வர வேண்டும் என்று டாக்டர் ஃபாபியோ நெல்சனே முன்வரிசையில் உட்கார்ந்து, ஒரு பச்சையைக் கட்டிக்கொண்டு கையசைத்தார். மார்லெனியின் சிவப்பு பெல்ட் அவருக்குப் பக்கத்தில். எல்லோரையும் உச்சிக்குக் கொண்டுபோனார்கள். மலைகளைப் பார்க்கவிட்டார்கள். கைவிட்டார்கள்.

ஒரு சத்தம் இல்லை. அத்தனை மென்மை. அந்த நடைக்கும் அடுத்த நடைக்கும் அதற்கடுத்த நடைக்கும் கருவி பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை.

திங்கட்கிழமை காலையில் எலும்பு ஆஸ்பத்திரியின் வராந்தா நிரம்பி வழிந்தது. மருந்துக்கடைக்காரர் எழுதிக் கொடுத்திருந்த சான்றிதழ்கள் ஒரே நாளில் உண்மையாகியிருந்தன. மார்லெனி அங்கே தரையில் படுத்தபடி அண்ணிக்குப் போன் செய்தாள். குரல் காற்றாக வந்தது. இங்கே எல்லோரும் நோயாளிகளாக இருப்பதால் யாரையும் கவனிக்க மாட்டேன் என்கிறார்கள், டாக்டர் ஃபாபியோ நெல்சனே ஸ்ட்ரெச்சர் கிடைக்காமல் கிடக்கிறார், நீங்கள் வந்து நான்கு வார்த்தை எடுத்துச் சொல்லக் கூடாதா என்றாள்.

நூபியா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"விழும்போது கத்தினியா?"

"வாயே தொறக்க முடியலை அண்ணி."

"அப்ப உனக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்லிப் போனை வைத்தாள்.