மாமாவோட போன் ஏரியைச் சுத்துன கதை

"ஏங்க, இவ்ளோ நேரம் எங்கப்பாகூட நடந்துட்டுதானே வந்தீங்க?"

"பின்ன?"

"அப்ப ஏன் அவர் போன்ல, ஹால்லேருந்து பாத்ரூமுக்குப் போயிட்டு வந்த அளவுக்குக்கூட ஸ்டெப் ஏறல?"

மாட்டினேன். என் பொண்டாட்டி கையில மாமனாரோட போன். போன்ல, எவ்ளோ தூரம் நடந்தோம்னு காட்டுற வட்டம். அது கழுவித் தொடச்ச தட்டு மாதிரி காலியா இருக்கு. நான் கட்டி வச்சிருந்த கோட்டை மொத்தமும் சரிஞ்சது அந்த நிமிஷம்தான்.

கோட்டையைப் பத்திச் சொல்லிடறேன். ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்துட்டுதான் சொல்றேன், இன்னும் என் முறை வரல.

மாமா ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துட்டு இருந்தவரு. "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க." சர்வீஸ் பூரா இதை மட்டுமே சொல்லிக் குடும்பத்தைக் காப்பாத்துன மனுஷன். ரிட்டயர் ஆனதும் எங்ககூட வந்துட்டாரு. வந்த வாரமே வீட்டம்மா உத்தரவு போட்டா.

"அப்பாவை தினம் காலையில நடக்கச் சொல்லிட்டாரு டாக்டர். தனியா அனுப்ப பயமா இருக்கு. நீங்க கூடப் போங்க."

"காலையில எனக்குத் தூக்கம் நல்லா வருமே."

"எனக்கும்தான் வரும். அப்ப டிபனை நீங்க பண்றீங்களா?"

"எந்தப் பக்கமா நடக்கணும்?"

எனக்கும் நடைக்கும் ஏழாம் பொருத்தம். எங்க வீட்ல ட்ரெட்மில் இருக்கு. அதுல என் பேண்ட்தான் ஏறியிருக்கு, காயறதுக்கு. ஜிம்லயும் சேந்தேன். சேந்த அன்னைக்கு செல்ஃபி எடுக்க போனைத் தூக்குனேன் பாருங்க, அங்க நான் தூக்குன வெயிட்டே அவ்ளோதான்.

மாமாவோ ஸ்ட்ரெச்சர் தள்ளுற வேகத்துல நடப்பாரு. ஏரிக்கரையில அவருக்குப் பின்னாடி ஓடி ஓடி எனக்கு நாக்குத் தள்ளிடுச்சு. ஒரு வாரம் போச்சு. ஒருநாள் வேலியில ஒரு மைனா உக்காந்திருந்துச்சு. மாமா சட்டுனு நின்னுட்டாரு. அதையே பாத்துட்டு இருந்தாரு. நான் பக்கத்துல இருந்த பெஞ்சுல சாஞ்சேன். ஆஹா, என்ன சுகம்.

அங்கதான் என் மூளை வேலை செஞ்சுது. பறவைன்னா நிக்கணும். நின்னா நடக்க முடியாது. மாமா நின்னா நான் உக்காரலாம். உக்காந்தா தூங்கலாம்.

அன்னைக்கே ஆபீஸ்ல ஒருத்தன்கிட்ட பழைய கேமரா ஒண்ணு வாங்கினேன். முழங்கை நீளத்துக்கு லென்ஸ்.

"மாமா, ரிட்டயர் ஆனவங்க எல்லாம் இப்ப பறவைதான் படம் எடுக்கறாங்க. இனிமே நீங்க வெறும் மாமா இல்ல, கலைஞன்."

மாமாவுக்கு கண்ணு கலங்கிடுச்சு. "மாப்ள, இத்தனை வருஷம் எலும்பாவே பாத்துட்டேன். மேல றெக்கை இருக்கறதைப் பாக்கவே இல்ல."

மறுநாள்லேருந்து எனக்கு சொர்க்கம். மாமா கொக்குகிட்ட, "மூச்சை இழு, பிடி, அசையாதே"ன்னு கெஞ்சிட்டு இருப்பாரு. கொக்கும் அவரும் போட்டி போட்டு அசையாம நிப்பாங்க. நான் பெஞ்சுல குறட்டை விடுவேன். வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி குழாயடியில தண்ணி புடிச்சு நெத்தியில, அக்குள்ல தெளிச்சுக்குவேன். வேர்வை. கலைஞன் மாமா மட்டுமா என்ன?

இப்படி அமோகமா போயிட்டு இருந்தப்பதான் அந்தக் காலி வட்டம்.

"அது வந்தும்மா, மாமா பறவைக்காகக் கொஞ்சம் நின்னாரு..."

"இங்க பாருங்க. நாளைக்கும் வட்டம் நிரம்பலேன்னா கேமரா பரண் மேல போயிடும். அப்பாகூட நானே போய்க்கறேன். நீங்க டிபன் செஞ்சு, பாத்திரம் தேச்சு, துணி காயப்போட்டுட்டு ஆபீஸ் மீட்டிங்ல உக்காருங்க."

ராத்திரி பூரா துணி காயப்போடற மாதிரியே கனவு.

காலையில ஏரிக்கரைக்குப் போனதும் மாமா தன் போனை என்கிட்ட நீட்டினாரு. "இது அடிச்சா பறவை பறந்துடுது மாப்ள. உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும்."

பழம் நழுவிப் பால்ல விழுந்துடுச்சு. போன் என் கையில. ஸ்டெப்பும் என் கையில. பெஞ்சுல உக்காந்து, போனைப் பாக்கெட்ல போட்டு, காலை ஆட்டுனேன் பாருங்க ஒரு ஆட்டு. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிட்டாங்க. வட்டம் நிரம்பிடுச்சு.

சாயந்திரம் பொண்டாட்டி போனைப் பாத்தா. "ஸ்டெப் நிறைய இருக்கு."

"பாத்தியா, நான் சொல்லல?"

"ஆனா மேப்ல ஒரே ஒரு புள்ளிதான் இருக்கு. எங்கப்பா ஒரே இடத்துல நின்னு டான்ஸ் ஆடினாரா?"

மேப் வேற காட்டுதா? பாழாப்போன போனு.

வேற வழியே இல்ல. மறுநாள் மாமாவை மீன்கொத்தி முன்னாடி நிறுத்திட்டு, அவர் போனோட நானே ஏரியைச் சுத்துனேன். அன்னைக்குக் கால் ரெண்டும் எங்க இருக்குன்னே தெரியல. ஆனா சாயந்திரம் பொண்டாட்டி மேப்பைப் பாத்து அசந்துட்டா.

"அட, அப்பா முழுசா சுத்தியிருக்காரே."

மாமா என்னைப் பாத்தாரு. நான் மாமாவைப் பாத்தேன். மனுஷன் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு அசையாம உக்காந்துட்டாரு. தங்கமான மாமனார்.

அதுலேருந்து தினமும் நானே நடக்கறேன், பேரு மாமாவுக்கு. முதல்ல ஒரு சுத்து. அப்புறம் அம்மணிக்கு ஆசை கூடுது, "அப்பா இன்னொரு சுத்து போனா நல்லாருக்கும்"கறா. போனேன். "கொஞ்சம் வேகமா நடந்தா நல்லாருக்கும்"கறா. நடந்தேன். மாசக்கணக்கா அவளை ஏமாத்தறேன், அவளுக்குத் துளி சந்தேகம் வரல. என் மூளையை நெனச்சா எனக்கே பெருமையா இருக்கும். ஏரியைச் சுத்தும்போது தனியா சிரிச்சுக்குவேன்.

நடுவுல சில மர்மங்கள். துணி துவைச்சா சுருங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். எங்க வாஷிங் மெஷின் என் பேண்டை எல்லாம் பெருசாக்கிடுச்சு. பொண்டாட்டிகிட்ட சொன்னேன், "மெஷினை மாத்தணும்." "மாத்தலாம்"னா. ஒருநாள் லிஃப்ட் வேலை செய்யல. கேஸ் சிலிண்டரைத் தோள்ல தூக்கிட்டு மாடி ஏறிட்டேன். சிலிண்டர் கம்பெனிக்காரன் கேஸைக் குறைச்சு நிரப்பறான்னு நெனச்சேன்.

இன்னொண்ணு, மாமாவோட கலை. ஆரம்பத்துல நல்லாதான் எடுத்துட்டு இருந்தாரு, கொக்கோட ஒவ்வொரு றெக்கையும் தெரியும். அப்புறம் என்ன ஆச்சோ, எப்ப கேமராவை எட்டிப் பாத்தாலும் பறவை கலங்கலா, கரைச்ச மாவு மாதிரி இருக்கும்.

"என்ன மாமா, மீன்கொத்தி மேல ஃபோகஸே இல்லையே?"

"வயசாச்சுல்ல மாப்ள. கை நடுங்குது."

பாவம், மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு, "கலைன்னா அப்படித்தான் மாமா"ன்னு தட்டிக் குடுத்தேன்.

போன ஞாயித்துக்கெழமை பொண்டாட்டி, "அப்பா எடுத்த படத்தை எல்லாம் டிவியில போட்டுப் பாக்கலாமா?"ன்னா. நான் கால் மேல கால் போட்டு உக்காந்தேன். கேமரா வாங்கிக் குடுத்த வள்ளல் இல்லையா.

முதல் படம். பெஞ்சோட கைப்பிடியில ஒரு காக்கா. பக்கத்துல வாயைப் பொளந்துட்டு ஒருத்தன் தூங்கறான். நான்.

"மாமா, இதையெல்லாம் அழிச்சிருக்கலாமே."

"எடுத்த அன்னைக்கே அனுப்பிட்டேன் மாப்ள."

"யாருக்கு?"

மாமா டிவியைக் கை காட்டினாரு. அடுத்த படம். முன்னாடி மீன்கொத்தி, கரைச்ச மாவு. பின்னாடி ஏரிக்கரையில ஒரு ஆளு, மயிர்க்கால் தெரியற அளவுக்கு சுத்தமான ஃபோகஸ். சட்டை பட்டன் தெறிக்கிற மாதிரி இருக்கு. நான். அடுத்து நீர்க்காகம், மாவு. பின்னாடி நான். கொக்கு, பின்னாடி நான். பொண்டாட்டி ரிமோட்டை அமுக்க அமுக்க, பறவை மாறுது. பின்னாடி என் தொப்பை கரைஞ்சுக்கிட்டே வருது. கடைசிப் படத்துல நான் ஒல்லியா, தனியா சிரிச்சுக்கிட்டே போறேன்.

"சர்வீஸ்ல நான் எடுத்த எதுவுமே கலங்கலா வந்ததில்ல மாப்ள," மாமா தாழ்ந்த குரல்ல சொன்னாரு. "எதை எடுக்கச் சொன்னாங்களோ அது பளிச்சுனு இருக்கும்."

"உங்க ஆபீஸ் செக்கப் முடிஞ்சதும் டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டாரு," பொண்டாட்டி டிவியையே பாத்துட்டு சொன்னா. "இப்படியே உக்காந்திருந்தா ரொம்ப நாள் உக்காந்திருக்க முடியாதுன்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி? ட்ரெட்மில்ல இன்னும் ரெண்டு பேண்ட் காயப்போட்டிருப்பீங்க. நீங்க கேமரா வாங்கினதும் என் திட்டமே போச்சுன்னுதான் நெனச்சேன். அப்பாதான் போனை உங்ககிட்ட தள்ளிவிடலாம்னாரு. யாரையாவது ஏமாத்தணும்னாத்தானே உங்களுக்குக் காலே எழும்பும்."

"அப்ப அந்த வட்டம், மேப்பு..."

"முந்தாநாள் உங்களுக்கு எடுத்த டெஸ்ட்ல எல்லாம் நார்மல்." சொல்லும்போது அவ குரல் லேசா உடைஞ்சுது. சட்டுனு எழுந்து கிச்சனுக்குப் போயிட்டா.

எனக்கும் ரோஷம்னு ஒண்ணு இருக்குல்ல? நாளையிலேருந்து ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டேன்னு சபதம் போட்டுப் படுத்தேன்.

விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுச்சு. காலு தானா செருப்பைத் தேடுது. மாமா ரூமுக்குப் போய் எழுப்பினேன்.

போர்வைக்குள்ளேருந்து கேமராவும் போனும் வெளிய வந்துச்சு. மாமா வரல.

"நீங்க போயிட்டு வாங்க மாப்ள. டாக்டர் சொன்னது உங்களுக்குத்தானே? எனக்குக் காலையில தூக்கம் நல்லா வருது."

ஏங்க, உங்க வீட்லயும் யாராச்சும் "பத்திரமா இருக்கட்டும்"னு போனை உங்க கையில குடுத்திருக்காங்களா? இருந்தா ஏரிக்கரைக்கு வாங்க, பேசிக்கலாம். ரெண்டு போனோட, கழுத்துல கேமராவோட சுத்திட்டு இருக்கறது நான்தான்.