கிளிக் அங்கிளின் வெறுந் துவக்கு

கனடாவின் ஸ்காபரோவில் துவக்கும் வைத்துக்கொண்டு, அந்தத் துவக்குக்கு அதிகம் பயந்த ஒரே மனிதர் எங்கள் கிளிக் அங்கிள்தான். மல்வேர்னில் எங்களோடு ஒரே சுவரைப் பகிரும் பக்கத்து டவுன்ஹவுஸ் அவருடையது. ஞாயிறுகளில் கிளப்பில் இலக்குப் பார்த்துச் சுடுவார். மற்ற நாள்களில் பின்னேரம் ஆறு மணிக்கு, பேஸ்மென்டில், தோட்டா இல்லாத வெறுந் துவக்கின் விசையை இழுத்துப் பழகுவார். சுவருக்கு இந்தப் பக்கம் 'கிளிக்' என்று கேட்கும்.

நாலு வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் எனக்கு நெஞ்சு பதறாதா? கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன்.

"தோட்டா எங்க அங்கிள்?"

"மேல்மாடியில, பெட்டிக்குள்ள. திறப்பு அன்ரியின்ர தாலிக்கொடியில."

"ஓம் பிள்ளை," என்றார் அவருடைய மனைவி, அன்ரி. "என்னோட சண்டை பிடிச்ச கிழமை இவருக்குக் கிளப் இல்லை."

'துவக்கு வெறுமை எண்டு எப்பிடித் தெரியும்?' என்ற இரண்டாவது கேள்விக்கு அவர் என்னை பேஸ்மென்டுக்குக் கூட்டிப்போய்ச் செய்தே காட்டினார். மண்ணுக்குள் நிற்கும் காங்கிரீட் சுவரை நோக்கித் துவக்கைப் பிடித்தார். தோட்டா போகும் இடத்தைத் திறந்து கண்ணால் பார்த்தார், சின்னவிரலை விட்டுப் பார்த்தார். பிறகு, "இஞ்ச வாரும்!" என்று கத்தினார்.

அன்ரி அகப்பையோடு படியிறங்கி, கண்ணாடியை மாட்டி, எட்டிப் பார்த்தார். "ஒண்டுமில்லை."

"வடிவாப் பாத்தனீரோ?"

"முப்பது வருசமா உங்கட மண்டைக்குள்ள பாத்துப் பழகினனான். வெறுமை எண்டா எனக்குத் தெரியும்."

அன்றிலிருந்து எனக்காக இன்னொரு விதியும் சேர்ந்தது. துவக்கை எடுக்கும் முன், என் மகள் எங்கள் வீட்டில்தான் நிற்கிறாளா என்று போன் பண்ணிக் கேட்பார். "குட்டி உங்கையோ?" நான் 'ஓம்' என்றால்தான் துவக்குப் பெட்டி திறக்கும்.

ஒருநாள் சோறு வடித்தபடியே, "ஓம் அங்கிள், மேல விளையாடுறா," என்றேன்.

"கண்ணால பாத்தனீரோ?"

"ஐயோ, இப்பதானே ஏறிப் போனவ!"

"போய்ப் பாத்திட்டுச் சொல்லும். நான் நிக்கிறன்."

எரிச்சலோடு படியேறினேன். அறையில் பொம்மை மட்டும் கிடந்தது. ஈரக் கையோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். பின்கதவால் நுழைந்திருந்த மகள் அன்ரியின் குசினி மேசைக்குக் கீழே இருந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். அன்ரிக்கே தெரியாது. பேஸ்மென்டில் அங்கிள், போனைக் காதில் வைத்தபடி, பூட்டிய பெட்டிக்கு முன்னால் அசையாமல் நின்றார்.

என் முகத்தைப் பார்த்தார். "இண்டைக்குப் பழக வேண்டாம். தேத்தண்ணி குடிப்பம்," என்றார்.

இப்போது நாங்கள் வீடு மாறி, வேறு நகரமான பிக்கரிங்கில் இருக்கிறோம். ஆறு மணிக்குப் போன் அடிக்கிறது. "குட்டி உங்கையோ?"

இவ்வளவு தூரத்துக்கு இது ஏன் என்று நான் கேட்பதில்லை. படியேறிப் போய், மகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன்: "ஓம் அங்கிள்."