கறிக்கும் வரி

"சுற்றுச்சூழலுக்காகக் கறி வரியை ஏத்துறதை ஆதரிக்கிறீங்களா சார், எதிர்க்கிறீங்களா? ஒரு கருத்துக்கணிப்பு."

தொலைபேசியில் அந்தப் பெண் கேட்டதும் செல்லக்கண்ணுவுக்குத் தலை சுற்றியது. அடுத்த மாதம் மகள் இனியாவுக்குக் கல்யாணம். மறுவீட்டு விருந்துக்கு மட்டன் பிரியாணி என்று சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கோழியைப் போட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

"சுற்றுச்சூழலுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அதுலேருந்து வர்ற வாயுதான் சார் பூமியைச் சூடாக்குது."

செல்லக்கண்ணு யோசித்தார். ஆடு தின்ற தழை வயிற்றில் ஊறிப் புளிக்கும். புளித்தால் வாயு பிறக்கும். அசைபோடும்போது ஆடு அதை ஏப்பமாக விடும். ஏப்பத்திலுள்ள மீத்தேன் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆகவே ஆட்டுக்கு வரி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"பலமா எதிர்க்கிறேன்னு எழுதிக்கோங்க!"

எழுதினால் மட்டும் போதுமா? தேக்கா சந்தைக்கு ஓடினார்.

"பாய், கறிக்கு வரி ஏறுதாமே?"

கறிக்கடை ஒலி முகம்மது கத்தியை நிறுத்தினார். "எனக்கே தெரியாதே! யாரு சொன்னா?"

"கணிப்பே எடுக்கிறாங்க லா!"

பின்னால் நின்ற ரத்தினம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. "பிளாஸ்டிக் பைக்குக் காசு கேட்டப்பவே நினைச்சேன். இப்ப பைக்குள்ள இருக்கிறதுக்கு வந்துட்டாங்க!"

"பூமி சூடாகக் கூடாதுதான். அதுக்கு என் அடுப்பு ஆறணுமா?" என்றார் இன்னொருவர்.

சற்று நேரத்தில் வரிசை வாசலைத் தாண்டியது. கூட்டத்தைப் பார்த்து விலை ஏறியது. விலை ஏறியதைப் பார்த்து செல்லக்கண்ணு இன்னும் அதிகமாக வாங்கினார்.

தெம்பனிஸிலுள்ள அவர் வீட்டில் குளிர்பெட்டிக் கதவு மூடவில்லை.

"தோசை மாவை எங்கங்க வைக்கிறது? உங்க தலையிலயா?" என்றார் மனைவி பூவம்மா.

ஆள் உயரத்துக்கு ஒரு பிரீசர் வந்து கூடத்தில் நின்றது. பிரீசர் குளிரை உண்டாக்குவதில்லை; உள்ளேயிருக்கும் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய சூடெல்லாம் கூடத்தில் தேங்கியது.

"கறியைக் குளிர வச்சிட்டு நம்மளை வேக வைக்கிறீங்களே!"

செல்லக்கண்ணு ஏர்கானைப் போட்டார். அது ராப்பகலாக ஓடியது. வியர்வை துடைத்தபடி பிரீசரைத் தட்டிக்கொடுத்தார். "வரி என்ன வேணா ஏறட்டும் பூவம்மா. நாம தப்பிச்சோம்!"

அலுவலகத்திலிருந்து வந்த இனியா வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னப்பா இது?"

"கருத்துக்கணிப்புல கேட்டாங்கம்மா. கறி வரி ஏறுதாம். அதான் முன்னாடியே வாங்கிட்டேன்."

இனியா பிரீசரைப் பார்த்தாள். ஏர்கானைப் பார்த்தாள். அப்பாவையும் பார்த்தாள்.

"ஐயோ அப்பா, அது கார்பன் டாக்ஸ்! சின்ன 'ர' போட்ட கரி. கரண்டு தயாரிக்கிறப்ப வர்ற புகைக்கு வரி. ஏறப்போறது நம்ம கரண்டு பில்லு!"