எட்டு விரல் ஆழத்துப் பேய்

பெட்டி வண்டியில் ஏறிவிட்டது. இனி மருமகள் ஏறவேண்டியதுதான் பாக்கி.

"நிறுத்துங்கப்பா! நிறுத்துங்க!"

டிராக்டர்க்காரர் வரப்பில் ஓடிவந்தார். ஓடிவந்தார் என்பது ஒரு மரியாதைக்கு. ஐம்பத்திரண்டு வயது, முன்னால் ஒரு தொப்பை. உருண்டு வந்தார் என்றாலும் தப்பில்லை.

அவருடைய அக்காவின் வயலுக்குள் நுழையவே இடமில்லை. அந்த வயலில் முளைத்த பயிரைவிட முளைத்த தலைகள்தான் அதிகம். எல்லாம் கம்பிச்சாமியைப் பார்க்க.

கம்பிச்சாமி லேசுப்பட்ட ஆள் இல்லை. கையில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. அதை வயலில் குத்துவார். கொஞ்ச தூரம் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். பிறகு டக்கென்று நின்றுவிடும். "கீழ ஒருத்தி படுத்திருக்கா" என்பார். கூட்டத்துக்குப் புல்லரிக்கும்.

பரிகாரமும் உண்டு. அவர் மந்திரித்த தண்ணீர் ஒரு குடம். கூடவே, மந்திரிக்காத தண்ணீரை மூன்று நாள் வயல் முழுக்கப் பாய்ச்சவேண்டும். நாலாம் நாள் குத்தினால் கம்பி சர்ரென்று இறங்கும். கைதட்டல்! பத்து நாளில் வயல் காய்ந்ததும் கம்பி பழையபடி நிற்கும். "வெளியூர் போயிருந்தா. திரும்பிட்டா" என்பார். அதற்கும் கைதட்டல்.

இன்று அக்கா வயலின் முறை. மழை பெய்தால் தண்ணீர் நாள்கணக்கில் தேங்குகிறது. நாலு நாள் வெயில் அடித்தால் பயிர் துவண்டு விழுகிறது. கம்பிச்சாமி குத்தினார், கண்ணை மூடினார், கேட்டார்: "இந்த வீட்டுக்குப் புதுசா வந்தது யாரு?"

அத்தனை கழுத்தும் மருமகள் பக்கம் திரும்பியது.

"அவ காலடி பட்டுத்தான் மண்ணு பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்குது. பொழுது சாயறதுக்குள்ள பொறந்த வீட்டுக்கு அனுப்பிடுங்க. திரும்பி வரக்கூடாது."

கட்டிய கணவன் என்ன செய்தான்? செல்போனில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தான். வீரன்!

"அக்கா, அவளை அனுப்பாத" என்றார் டிராக்டர்க்காரர், மூச்சு வாங்க.

"நீ பேசாத தம்பி. உனக்கு டிராக்டர் ஓட்டத்தான் தெரியும்."

"அதனாலதான் பேச வந்தேன்."

சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார். கம்பியின் முனையிலிருந்து எட்டு விரல் அளந்து ஒரு கோடு போட்டார். "இப்ப குத்துங்க சாமி. இந்தக் கோட்டுல நிக்கும்."

நின்றது. பத்தடி தள்ளிக் குத்தச் சொன்னார். அதே கோடு. பக்கத்து வயலில்? அதே கோடு. எதிர் வயல்? நூல் பிசகவில்லை.

"பேய் என்ன, ஸ்கேல் வச்சு அளந்து படுத்திருக்கா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

"கட்டுப்பாடான ஆவி" என்றார் கம்பிச்சாமி, முகம் மாறாமல்.

"அக்கா, உன் மருமக காலு அதிகமா படற எடம் எது?"

"பம்ப் ரூமுக்குப் பின்னால. ரெண்டு வருஷமா மண்வெட்டியும் கையுமா அங்கதானே தக்காளி போடுறா."

"அங்க குத்துங்க சாமி. அங்க கம்பி நுனிகூட எறங்கக்கூடாது இல்ல?"

"அங்க வேண்டாம். திசை சரியில்லை."

மருமகளுக்கு அதுவரை அழுகை. இப்போது கோபம். விறுவிறுவென்று வந்து கம்பியைப் பிடுங்கினாள். பம்ப் ரூமுக்குப் பின்னால் போய் ஊன்றி அழுத்தினாள். தண்ணீர் பாய்ச்சாத அதே காய்ந்த மண்தான். கம்பி இறங்கியது. கோட்டைத் தாண்டியது. ஒரு முழத்தையும் தாண்டியது.

"என்ன சாமி, என் காலு இங்க மட்டும் லீவா?"

கூட்டம் கம்பியைப் பார்த்தது. மருமகளைப் பார்த்தது. பிறகு சாமியைப் பார்க்கத் திரும்பியது. அவர் வரப்பில் பாதி தூரம் போயிருந்தார். கம்பியை விட்டுவிட்டே கம்பி நீட்டிய ஆளை உலகம் அன்றுதான் பார்த்தது.

பெட்டி வண்டியிலிருந்து இறங்கியது. இறக்கியது கணவன். வானிலை மாறிவிட்டதல்லவா!

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அக்கா கேட்டாள்: "அது எப்படிடா, சாமி குத்தறதுக்கு முன்னாடியே கோடு போட்ட?"

"ஞானதிருஷ்டி!" என்று ஒரு குரல். "டிராக்டர் சாமி!" என்று இன்னொரு குரல். ஒருவர் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தே விட்டார்.

டிராக்டர்க்காரருக்கு வேர்த்தது. உண்மையைச் சொன்னால் நாளையிலிருந்து அவர் டிராக்டரைக் கூப்பிட ஆள் இருக்காது. சொல்லாவிட்டால் அடுத்த கம்பிக்காரன் வருவான், பெட்டி மறுபடி வண்டி ஏறும்.

கடப்பாரையை வாங்கி வயலில் ஓங்கிப் போட்டு நெம்பினார். மேலே பொலபொலவென்று மண். அடியில் ஓடு மாதிரி ஒரு பாளம் பெயர்ந்து வந்தது. அதோடு வந்த பயிரின் வேர், சுவரில் முட்டிய மாதிரி பக்கவாட்டில் மடங்கியிருந்தது.

"எழுந்திருய்யா! இதுதான் உங்க பேய். இது இருந்தா தண்ணியும் கீழ எறங்காது, வேரும் எறங்காது. பம்ப் ரூமுக்குப் பின்னால டிராக்டர் திரும்பாது, அதனால அங்க பேயும் இல்லை. ஈரத்துல ஓட்டாதேன்னு சொன்னாங்க, அவசரத்துக்கு ஓட்டினேன். டயர் அமுக்கிச்சு. உழவுக் கத்தி மேல கிளறி, அடியில தேச்சுத் தேச்சுத் தரை போட்டுடுச்சு. நான் ஓட்டின எல்லா வயல்லயும் எட்டே விரல் ஆழத்துல."

"ஏன் எட்டு விரல்?" என்றாள் மருமகள். அன்று ஊரில் கேட்கப்பட்ட முதல் உருப்படியான கேள்வி.

அவர் கடப்பாரையைக் கீழே போட்டார்.

"உழவு ஆழம் மாத்துற லிவர் உடைஞ்சுபோச்சும்மா. எட்டு விரல்லயே நிக்கிற மாதிரி நான் வெல்டு வச்சு ஒட்டிட்டேன். பதினோரு வருஷமாச்சு. இத்தனை பேர்ல ஒருத்தராவது, பேய் எப்படிய்யா எல்லா வயல்லயும் ஒரே ஆழத்துல படுக்கும்னு மண்டையைக் கொஞ்சம் கிளறியிருந்தா, அன்னைக்கே மாட்டியிருப்பேன்!"