தலையாட்டியதற்குத் தன்னிலை விளக்கம்

நம்மூர் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டின் தலைமை நர்ஸும், ஊரில் பாதிப் பேரை அவர்களைப் பெற்றவர்களுக்கு முன்பே பார்த்துவிட்டவளும், என் அக்காவின் ஒரே மகளுமாகிய அன்பு மருமகளுக்கு, நாடாளுமன்றத்தின் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், ஏ.சி. காற்று நேராகப் பிடரியில் வந்து விழும் இருக்கையை அலங்கரிக்கும் உன் தாய்மாமன் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்குக் கழுத்தைத் தவிர ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் உன் கோபமும் நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பதாக உன் அம்மா சொன்னாள்.

டி.வி.யில் என்னைப் பார்த்த நாளிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. உன் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். எடுத்து, குரலைத் தாழ்த்தி, "அவ குளிக்கிறா மாமா" என்கிறார். இத்தனை குளியல் குளித்திருந்தால் நீ இந்நேரம் சோப்பு மாதிரி கரைந்து, சாக்கடை வழியாகக் கடலுக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவேதான் கடிதம். கிழிப்பதாக இருந்தால் தாராளமாகக் கிழி, ஆனால் படித்துவிட்டுக் கிழி.

போன முறை ஊருக்கு வந்தபோது என்னை வார்டு வாசலிலேயே மடக்கினாய். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. வார்டை மூடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது, மூடிவிட்டால் அடுத்த ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், இதை அங்கே எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாய். நானும் ஒரு வார்த்தை என்ன, ஒரு காவியமே பாடுகிறேன் என்று மார்தட்டிவிட்டு வந்தேன். எழுந்து நிற்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது அம்மா. கடைசி வரிசைக்காரன் வாயைத் திறக்க வேண்டுமென்றால், விஷயத்தைச் சீட்டில் எழுதி, காலையில் அவை கூடும் முன்பே ஒரு பெட்டியில் போட வேண்டும். குலுக்குவார்கள். பேர் வந்தால் ஒன்றரை நிமிடம் பேசலாம். வராவிட்டால் மறுபடி நாளைக்கு. உன் வார்டுக்காக நான் போட்ட சீட்டுகளை ஒட்டிப் பாலம் கட்டினால் அந்த ஆற்றில் லாரியே போகும். குலுக்கலில் தினமும் ஜெயிப்பவர் இன்னொருவர் இருக்கிறார். அவர் தொகுதியில் குரங்குத் தொல்லை. அந்தக் குரங்குகளைப் பற்றி இந்த நாட்டுக்கு இப்போது தெரியாதது ஒன்றுமில்லை. எது எந்த வீட்டு மாடியில் எந்தச் சட்டையை எடுத்தது என்பது வரைக்கும் அவைக்குறிப்பில் ஏறியிருக்கிறது. உன் வார்டு இன்னும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். மனதைத் திடப்படுத்திக்கொள். மந்திரிகள் பேசும்போது காமிரா அவர்கள் முகத்தோடு சேர்த்துப் பின்னால் இருக்கும் இருக்கைகளையும் காட்டும். அவை காலியாக இருந்தால் ஆளும் கட்சிக்கு அசிங்கம். அதனால் உறுப்பினர்களை மேய்க்கும் கொறடா, கடைசி வரிசையில் பார்க்க லட்சணமான முகங்களாகப் பொறுக்கி, பேசுகிறவருக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைப்பார். நம் குடும்ப மூக்கும் என் மீசையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். ஆக, பேசுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து தலையை ஆட்டுவதே என் வேலையாயிற்று. விவசாயத்துக்கு ஆட்டினேன், கப்பல் துறைக்கு ஆட்டினேன், ராக்கெட் விட்டதற்கு ராக்கெட்டை நானே தோளில் சுமந்து கொண்டுபோய்விட்ட மாதிரி ஆட்டினேன். இதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. சொல்வதைக் காதில் வாங்கக் கூடாது. வாங்கினால் தலை யோசிக்கும், யோசிக்கிற தலை ஆடாது. குரல் ஏறினால் ஆட்டு, குரல் நின்றால் மேசையைத் தட்டு, அவ்வளவுதான் வித்தை. நிதி மந்திரியே ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பின்னால் இருந்தால் நான் சொல்வதில் எனக்கே நம்பிக்கை வருகிறது என்றார்.

அன்றைக்குப் பேசியவர் சுகாதார மந்திரி. சிக்கனம், சீரமைப்பு என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. நான் மதியச் சாப்பாட்டின் நினைவில் இருந்தேன். மூடப்படும் பிரசவ வார்டுகள் என்று அவர் ஊர் ஊராக வாசித்திருக்கிறார். நம்மூர்ப் பேர் வந்தபோது அவர் குரல் ஏறியது, என் தலை இறங்கியது. அவர் குரல் நின்றது, என் கை மேசையில் விழுந்தது. தட்டியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சிரித்தேனாம். டி.வி.க்காரன் அந்தச் சிரிப்பை மட்டும் தனியாக வெட்டி மெதுவாக ஓட்டிக் காட்டினானாம். அதைப் பார்த்த நம் கட்சியின் நகரச் செயலாளர் போன் செய்து, "அண்ணே, நம்ம ஊர் பேரைச் சொன்னப்ப நீங்க கையை அடிச்சீங்களே, மேசையில கரண்டு கிரண்டு பாஞ்சுதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்துப் புத்தி என்றைக்கு இருந்தது?

அடுத்து உன் அம்மா. அக்கா திட்டினால் தாங்கிக்கொள்வேன், சின்ன வயசிலிருந்து பழக்கம். அவள் திட்டவில்லை. "தம்பி, அவ உன்னை நம்பி வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாடா" என்றாள். போனை வைத்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை என்றால், நிலைமை எவ்வளவு மோசம் என்று நீ புரிந்துகொள்ள வேண்டும்.

மறுநாளே மந்திரியை லிஃப்டில் பிடித்தேன். மந்திரிகளுக்கு மட்டும் என்று போட்டிருக்கும் லிஃப்ட். என் மீசையைப் பார்த்து லிஃப்ட்காரர் சலாம் வைத்து உள்ளே விட்டுவிட்டார். கதவு மூடியதும் விஷயத்தை எடுத்தேன். மந்திரி ரொம்ப மரியாதையாக, "தொகுதி உறுப்பினரே முழு மனசோட வரவேற்றார்னு ஃபைல்ல எழுதியாச்சே" என்றார்.

"நான் எப்ப வரவேற்றேன்?"

"தட்டினீங்களே. நீங்க தட்டின தட்டுல எனக்கு முன்னாடி இருந்த தண்ணி டம்ளர் ஆடுச்சு."

கதவு திறந்தது, அவர் போய்விட்டார். நான் லிஃப்டிலேயே நின்றிருந்தேன். மேலே போனேன், கீழே வந்தேன், மறுபடி மேலே போனேன். லிஃப்ட்காரர் என்னை ஏதோ புது மந்திரி என்றே நினைத்துக்கொண்டு, எந்தத் துறைங்க என்று கேட்டார்.

அப்புறம் நூலகத்தில் போய் விதிப் புத்தகத்தைப் பிரித்தேன். நான் பிரித்த சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு முன்னாள் மந்திரிகள் விழித்துக்கொண்டார்கள். அதில் ஒரு விதி இருந்தது. ஒரு உறுப்பினரின் நடத்தையைப் பற்றித் தவறான எண்ணம் பரவினால், அவர் குலுக்கல் கிலுக்கல் ஏதுமில்லாமல் எழுந்து தன்னிலை விளக்கம் கொடுக்கலாம். கொறடா என் சட்டையைப் பிடித்து இழுத்தும் எழுந்துவிட்டேன். எங்கள் கட்சியில் யார் எழுந்தாலும் முதலில் தலைவரைப் புகழ வேண்டும், பிறகு தலைவரைப் பெற்றவர்களை, பிறகு வாய்ப்புக் கொடுத்த சபாநாயகரை. அன்று அதையெல்லாம் தாண்டி நேராக விஷயத்துக்கு வருவது என்று சபதம் எடுத்திருந்தேன். மனசுதான் சபதம் எடுத்தது, நாக்கு எடுக்கவில்லை. அது பாட்டுக்குச் சூரியனே, சமுத்திரமே என்று ஆரம்பித்துவிட்டது. நேரம் முடியப்போகிறது என்று மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் நிறுத்த முடிந்தது. மிச்சமிருந்த நேரத்தில், "ஆடினது என் தலைதான், நான் ஆடல" என்று மட்டும் சொன்னேன்.

அவை சிரித்த சிரிப்பில் கூரை விளக்குகள் ஊஞ்சலாடின. மந்திரி அதைச் சம்மதம் என்று ஃபைலில் ஏற்றிவிட்டார், தலையாட்டலை அவைக்குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று மன்றாடினேன். தலையாட்டல் பேச்சல்ல, குறிப்பில் ஏறவே இல்லை, ஏறாததை எப்படி நீக்குவது என்றார் சபாநாயகர். எதிர்க்கட்சி வரிசையில் ஒரு பழுத்த வக்கீல் எழுந்தார். குறிப்பிலேயே இல்லாத சம்மதத்தை மந்திரி ஃபைலில் மட்டும் எப்படி ஏற்றினார் என்று கேட்டார். மந்திரி காகிதங்களைப் புரட்டத் தொடங்கினார். பின்னாலிருந்த அதிகாரிகளும் புரட்டினார்கள். மைக் இல்லாமல் நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன். அந்தப் புரட்டலுக்கு நடுவே, எந்தச் சூரியனும் சமுத்திரமும் இல்லாமல், நீ வாசலில் சொன்னது அப்படியே என் வாயில் வந்தது.

"எங்க ஊர்ல ஆத்தைத் தாண்டுற கடைசி பஸ் பொழுது சாயறதுக்குள்ள போயிடும். வலி பஸ் நேரம் பாத்து வராதுங்க. பக்கத்து ஊர்ல வார்டு இல்ல. அங்கேருந்து வந்த பொண்ணுக்கு என் மருமகள் போன மழையில பஸ்ஸுக்குள்ளயே பிரசவம் பாத்தா. ஜன்னல் திரைதான் துணி. எங்க வார்டையும் மூடிட்டா, அவளுக்கு நிரந்தர வேலை அந்த பஸ்ல தாங்க."

யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு ஓரத்தில் ஒருவர் மேசையைத் தட்டினார். குரங்குக்காரர்தான். பிறகு இன்னொருவர், பிறகு இரண்டு பக்கமும். மந்திரி எழுந்து, அந்த ஒரு வார்டு மட்டும் இப்போதைக்கு மூடப்படாது, விஷயம் மறுபடி ஆராயப்படும் என்று அறிவித்தார்.

ஆக, மருமகளே, வார்டு பிழைத்தது. இனி நீ நிம்மதியாக இருக்கலாம். மனு, ஊர்வலம், மறியல் ஒன்றும் வேண்டாம். மாமன் இருக்கப் பயமேன்? நான் கொறடாவைப் பார்த்து, இனி எந்த மந்திரிக்குப் பின்னாலும் இந்த முகம் உட்காராது என்று சொல்லிவிட்டு, தூணுக்குப் பின்னால் என் சொந்த இருக்கைக்கே வந்துவிட்டேன். கழுத்துக்கு ஓய்வு. உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தங்கள், அக்காவுக்கு அவள் காலில் விழுந்த நமஸ்காரம். உன் கையில் பிறக்கிற ஒவ்வொன்றும் நூறு வயது இருந்து, நூறாவது வயதிலும் நம் கட்சிக்கே ஓட்டுப் போட எல்லாம் வல்லவன் அருள்வானாக.

என்றும் உன் நலம் விழையும்,
தாய்மாமன்

பி.கு.: மேலே வார்டு பிழைத்தது என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படி. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கொறடா வந்தார். 'மறுபடி ஆராய்வது' என்றால் ஒரு குழுவாம். குழுவுக்குத் தலைவர் நானாம். கேட்டதும் குளிர்ந்துபோய்ச் சம்மதம் என்று தலையை ஆட்டிவிட்டேன், இந்த முறை முழு நினைவோடு. கையெழுத்துப் போட்ட பிறகுதான் சொல்கிறார்: குழுத் தலைவர், அறிக்கை கொடுக்கும் வரை, அவைக்கு உள்ளேயும் வெளியேயும் அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். மாலை போட்டு வாயைத் தைத்துவிட்டார்கள். மந்திரியின் அதிகாரிகள் மட்டும் ஃபைல் ஃபைலாகப் பேசுவார்கள். ஆனால் சாட்சிகளும் பேசலாம். சாட்சிக்குக் குலுக்கல் கிடையாது, சிவப்பு விளக்கு கிடையாது, தலைவரைப் புகழ வேண்டிய அவசியமும் கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். முதல் சாட்சியாக உன் பேரைப் போட்டிருக்கிறேன், ரயில் டிக்கெட் இத்துடன் இருக்கிறது. தயவுசெய்து என்னை மன்னித்துவிட்டு, சமாதானமாகி வந்து தொலைக்காதே. அந்தக் கோபம் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் அப்படியே வேண்டும்.