ஒன்பது நாள் நேர்கோடு

கோடு பதினோராம் தேதியில் அறுந்து, இருபத்தோராம் தேதியில் மறுபடி முளைத்தது. நடுவில் வெறும் வெள்ளை.

கணவர் ராஜபாண்டியனின் காலைச் சர்க்கரை அளவைத் தினமும் கம்ப்யூட்டரில் ஏற்றி, அது போடும் கோட்டை டாக்டரிடம் காட்டுவது லட்சுமிகாந்தத்தின் வேலை. "ஒரு நாள் சோதிக்காம விட்டாலும் மாத்திரை கிடையாது, ஊசிதான்" என்று விருதுநகர் டாக்டர் போன தடவையே சொல்லியிருந்தார். அந்த ஒன்பது நாளும் ராஜபாண்டியன் காலண்டர் ஆர்டர் பிடிக்க நாக்பூர் போயிருந்தார். சோதிக்கிற மிஷின் சிவகாசியில் பீரோ மேல் இருந்தது.

காலிக் கட்டங்களில் அவள் "வெளியூர்" என்று நேர்மையாக அடித்தாள். கோடு தடாலென்று விழுந்து, ஒன்பது நாளும் தரையோடு படுத்துக்கொண்டது.

ராஜபாண்டியன் எட்டிப் பார்த்தார். "ஏ லட்சுமி, நாக்பூர்ல நான் செத்தா கெடந்தேன்?"

"மிஷினை விட்டுட்டுப் போன ஆளு பேசக்கூடாது. அங்கன என்ன சாப்பிட்டீக?"

"ரெண்டு ரொட்டி. மரியாதைக்கு ஒரு ஜிலேபி."

"தெனமுமா?"

"தெனமும் மரியாதை பண்ணுனாகளே."

லட்சுமிகாந்தம் தங்கள் அச்சகத்தில் டிசைன் போடும் ஆர்த்தியை வரவழைத்தாள்.

"எழுத்தைப் போட்டா அது சைபர்னு எடுத்துக்கிடும்க்கா."

"அப்ப மேல் கட்டத்தையும் கீழ்க் கட்டத்தையும் கூட்டிப் பாதியாக்கு."

ஆர்த்தி கூட்டினாள். பதினோராம் தேதியின் நூற்று எண்பதோடு "வெளியூரை" எப்படிக் கூட்டுவது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் கட்டம் கட்டமாகப் பிழையைக் கக்கியது. கோடு எழுந்திருக்கவேயில்லை.

"எல்லாத்தையும் அழிச்சுட்டுக் காலியா விடுவோம்க்கா. புள்ளிகளைக் கோட்டால இணைக்கன்னு ஒண்ணு இருக்கு. அதைத் தட்டுனா ரெண்டு முனையையும் அதுவே சேர்த்துக்கிடும்."

"பொய்யாயிராதா?"

"நாம ஒரு நம்பர்கூட எழுதலியேக்கா."

அந்தப் பதில் லட்சுமிகாந்தத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஆர்த்தி தட்டினாள். அடிமட்டம் வைத்துப் போட்டது போல ஒரு கோடு, லேசாகச் சரிந்து, ஒன்பது நாளையும் தாண்டிப் போய் மறுகரையில் சேர்ந்தது.

மறுநாள் டாக்டர் அந்தக் கோட்டை அச்சடித்த காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். லட்சுமிகாந்தம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாசம் பூரா ஏறி எறங்கிக் குதிக்குது. இந்த ஒம்பது நாள் மட்டும் அப்படியே அடங்கி, கொறைஞ்சுக்கிட்டே வருது." டாக்டர் அந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். "ஊசி வேண்டாம்."

ராஜபாண்டியன் மின்விசிறியைப் பார்த்தார். லட்சுமிகாந்தம் மூச்சை விட்டாள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"அந்த ஒம்பது நாளும் இவருக்குச் சமைச்சது யாரும்மா? இனிமே அவுகளையே சமைக்கச் சொல்லுங்க."