மேற்கு முகத்தில் பத்தாகவில்லை

திருவனந்தபுரம்,
கொல்லம் 1108 மேட மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சேஷன் அத்திம்பேருக்கு, நாகேஸ்வரன் அநேக நமஸ்காரம். பொன்முடித் தோட்டத்தில் குளிரும் அட்டையும் உங்களை அதிகம் படுத்தாமலிருக்க வேண்டும்.

உறுதியான செய்தி முதலில்: விஜயத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள் நேற்று நம் வாசற்படி வரை வந்தார்கள். நானே நேரில் பார்த்தேன். உள்ளே வரவில்லை. தப்பு கடற்கரை மணிக்கூண்டின் மேல்.

அதன் சரித்திரத்தைப் பத்திரிகைக்காக விசாரித்துக் கொண்டிருந்த எனக்கே இது தோன்றாமல் போயிற்று. சீமையிலிருந்து கப்பலில் வந்த கடிகாரம். வந்த வருஷமே உப்புக்காற்றில் மணியடிக்கும் சுத்தியல் துருப்பிடித்து விழுந்தது. பிறகு கடலைப் பார்த்த மேற்கு முகத்தின் முட்கள் பின்தங்கத் தொடங்கின; இப்போது முக்கால் மணி பின்னே. திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்தந்தத் தெரு அந்தந்த முகத்தை நம்பிச் சாப்பிட்டுத் தூங்கிப் பழகிவிட்டது. நாம் கிழக்கு முகம். பையனின் அப்பா வெங்கடசுப்ரமணியன் வீடு மேற்கு.

திங்களன்று ராகுகாலம் ஒன்பதுக்கு முடிகிறது, பத்தரைக்கு எமகண்டம் பிறக்கிறது. நடுவில் வரச் சொல்லியிருந்தோம். அவர்களும் தங்கள் முகத்தைப் பார்த்து ஒழுங்காகத்தான் புறப்பட்டிருக்கிறார்கள். ஜட்காவை விட்டு இறங்கும்போது நம் முகத்தில் பத்தரை தாண்டிவிட்டது. பாகீரதி அக்கா கதவைச் சாத்திவிட்டாள்.

“என்ன ஓய் இது, வரச் சொல்லிட்டுக் கதவைச் சாத்தறேள்? பத்தே ஆகலை” என்றார் பையனின் அப்பா.

“உங்க பக்கம் ஆகலை மாமா. இங்கே எமகண்டம் வந்தாச்சு. பன்னெண்டுக்குத் திறக்கறேன், செத்தெ இருங்கோ” என்றாள் அக்கா, உள்ளிருந்து.

“அப்போ எங்க பக்கம் எமகண்டம் நடந்துண்டிருக்குமே. நாங்க எப்படி உள்ளே வரது?”

இரு தரப்பு வாதமும் சரியாக இருந்ததால் நான் யார் பக்கமும் பேசவில்லை. மேடத்து வெயிலில் அப்பாவும் பையனும் குடையும் கையுமாக நின்றார்கள். பன்னிரண்டுக்கு அக்கா கதவைத் திறந்தாள், அவர்கள் படியேறவில்லை. “மதி, போதும்” என்று சொல்லி ஜட்காவில் ஏறிப் போய்விட்டார்கள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போன வீடு. அக்கா நேற்றிலிருந்து அழுகிறாள்.

அவர்கள் முடிவு இன்னும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சொல்லியனுப்புவார்கள் என்று ஜட்காக்காரர் வேலாயுதன் சொன்னார். பத்மநாப சுவாமி உங்களை நோய்நொடியில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
நாகேஸ்வரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் விஜயம் வந்து நின்றாள். “மாமா, அவர் ஜன்னலுக்கு நேரேதான் குடை பிடிச்சுண்டு நின்னார். நீங்கள்ளாம் மணிக்கூண்டுக்காகச் சண்டை போட்டுண்டிருந்தேள், நாங்க போடலை. கதவு திறக்கறதுக்குச் செத்தெ முன்னாடி தீர்த்தம் கேட்டார், குடுத்தேன். எனக்குச் சம்மதம். அவருக்கும்தானாம்.” ஆக, பெண் பார்த்தாகிவிட்டது, எந்த முகத்தின்படி பார்த்தாலும் சுத்த எமகண்டத்தில். அக்காவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மலையிறங்கி வித்துராவில் பஸ் பிடித்து வந்து, பெண்ணைப் பெற்றவர் நீங்களே சொல்லுங்கள். தயவுசெய்து ராகுகாலம் பார்க்காமல் புறப்படவும்.